குறைந்த செலவில் ஒலிப்பதிவைச் செப்பனிடல்

நம் சங்கத்துப் பெரியோர் அறுவர் பாடிய தாலாட்டுகளைப் பதிவு செய்து, பொங்கல் விழாவில் வீட்டுக்கு ஒரு பிரதி வழங்குவதெனச் செயற்குழு தீர்மானித்தது. ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கொடுக்கப் பணமில்லை. கணினி தெரிந்தவன் என்ற பெயர் எனக்கு இருந்தபடியால் வேலை என் தலையில் விழுந்தது. சரக்குக் கணக்கு எழுதும் ரயில்வே குமாஸ்தாவுக்கு ஒலியைப் பற்றி என்ன தெரியும்? தெரியாமல் செய்த பிழையையும் பிறகு கற்றதையும் நேயர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

பாடிப் பதிந்த மாத்திரத்தில் பாட்டு வெளியிடத் தகுந்ததாகிவிடாது. ஒன்று உரத்துக் கேட்கும், அடுத்தது முணுமுணுக்கும். இவற்றை ஒருசீராக்கி இறுதிப் பிரதி எடுப்பதையே மாஸ்டரிங் என்கிறார்கள். இறக்கும் முன் உப்புப் பார்ப்பது போன்றது அது. வேகாத பருப்பை அப்போது வேகவைக்க இயலாது. ஆகவே பதியும்போதே கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிடுவது உத்தமம். அதற்குக் காசு வேண்டாம்.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆடாசிட்டி என்னும் மென்பொருள் இன்றும் இலவசமே. என் பழைய கணினியிலும் அது ஓடுகிறது. நான் விலை கொடுத்து வாங்கியது 1,500 ரூபாய் ஹெட்போன் ஒன்றுதான்.

கல்யாண் ரயில்வே குடியிருப்பில் வண்டிச் சத்தம் ஓய்ந்த வேளை அரிது. எண்பது வயதுப் பாட்டியம்மாள் ஒருவர் பாடுகையில் சரக்கு வண்டி குறுக்கிட்டது, மின்விசிறியும் சுழன்றது. இரைச்சல் நீக்கும் வசதியை ஆசையோடு முழு அளவில் பிரயோகித்தேன். இரைச்சல் போயிற்று, குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலாயிற்று. அவர் மகள் கேட்டுவிட்டு, "இது அம்மா குரலாக இல்லையே, தம்பி" என்றார். பாட்டியம்மாள் அதற்கு ஒரு மாதம் முன்புதான் காலமாகியிருந்தார். மறுபடி பாடச் சொல்ல வழியேது?

நல்ல வேளையாக மூலப் பதிவை அழிக்காமல் வைத்திருந்தேன். இம்முறை இரைச்சலை 6 டெசிபெல் மட்டுமே குறைத்தேன். வண்டியின் உறுமலில் பெரும்பகுதி குரலுக்குக் கீழே இருப்பதால், 80 ஹெர்ட்சுக்குக் கீழுள்ளதைத் தணித்தேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

இனி சத்த அளவு. கணினிப் பதிவில் பூஜ்ஜியம் டெசிபெல்லே உச்சவரம்பு. அதைத் தாண்டினால் ஒலியலையின் முகடு வெட்டுண்டு கரகரப்பாகிவிடும். நான் மைனஸ் 1-க்கு மேல் விடுவதில்லை. உரத்த பாட்டே நல்ல பாட்டு என்று காது நம்மை ஏமாற்றும். அன்றியும், தாழ்ந்த சத்தத்தில் கீழ் ஒலிகள் காதுக்குக் குறைவாகவே எட்டும் என்பதை பிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினர். எனவே பழைய பிரதியையும் புதியதையும் ஒரே சத்தத்தில் வைத்தே ஒப்பிட வேண்டும். இணையத்தில் ஏற்றுவோரும் முட்டி மோதிச் சத்தம் கூட்ட வேண்டியதில்லை. ஸ்பாட்டிஃபை வழக்கமாக எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 என்னும் அளவுக்குத் தானே சமன் செய்துவிடுகிறது.

காது களைத்த இரவில் எதையும் முடிவு செய்யாமல், மறுநாள் காலை கேட்டேன். கைப்பேசியிலும், நண்பரின் காரிலும் ஒலிக்கவிட்டுப் பார்த்தேன். பிறகு அந்த மகளின் வீட்டுக்குப் போய் அடுக்களையில் வைத்துப் போட்டுக் காட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு இருமுறை கேட்டார். இரண்டாம் அடியில் சரக்கு வண்டி இன்னும் இலேசாகக் கேட்கிறது. அதையும் எடுத்துவிடட்டுமா என்றேன்.

"வேண்டாம், இருக்கட்டும். அம்மா முப்பது வருஷம் அந்தச் சத்தத்தில்தானே பேரப்பிள்ளைகளைத் தூங்க வைத்தாள்" என்றார்.