உங்களுக்குத் தெரியுமா? முட்டையிலிருந்து சேணம் வரை

ஆன்லைன் கற்பனை உலக கேம்களில் ஏறிச் செல்லும் பிராணியைக் காசு கொடுத்து வாங்கலாம், அரக்கனை வீழ்த்திப் பரிசாகவும் பெறலாம். சில கேம்களில் குட்டியாகவோ முட்டையாகவோ வாங்கி, வளர்த்து, இணை சேர்த்து, வம்சம் பார்த்து எடுக்க வேண்டும். எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி வழிதான்.

‘சோக்கோபோ’ என்பது ஆள் ஏறும் உயரமுள்ள மஞ்சள் பறவை. 1988-இல் ஜப்பானில் வந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி 2’ கேமில் முதலில் தோன்றியது. உருவாக்கியவர் கோய்ச்சி இஷீ. 1997-இல் வெளியான ஏழாம் பாகத்தில், தனியாள் ஆட்டமாக இருந்தபோதே, இணை சேர்ப்பதற்கு ஒரு பண்ணை வந்துவிட்டது. நீலத்தையும் பச்சையையும் சேர்த்தால் கறுப்பு. கறுப்போடு உயர்ரகப் பறவை ஒன்றைச் சேர்த்தால் தங்கம். தங்க சோக்கோபோ கடலையே கடந்து ஓடும்.

அதே வரிசையில் 2002-இல் வந்த பதினோராம் பாகம் ஆன்லைன் ஆட்டம். அதில் 2006-இல் சோக்கோபோ வளர்ப்பு சேர்க்கப்பட்டது. முட்டையை லாயத்தில் ஒப்படைத்துவிட்டால், அதன்பின் கணக்கு கேம் நேரத்தில் இல்லை, நம் வீட்டு நாள்காட்டியில்தான். சில நாளில் குஞ்சு பொரிக்கும். முதுகில் ஏறி உட்கார ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதுவரை குஞ்சின் அன்றாட வேலையை நாம்தான் வகுத்துக் கொடுக்க வேண்டும்: உலாவல், பாட்டுக் கேட்டல், பிள்ளைகளோடு பழகுதல், மூட்டை சுமத்தல், சேதி கொண்டுபோதல், புதையல் தோண்டுதல். நாடகத்தில் நடிக்கக்கூட அனுப்பலாம்! வலிமையும் தாங்குதிறனும் ஒருபக்கம்; கூர்ந்து உணர்வதும் சொன்னதை ஏற்பதும் மறுபக்கம். எல்லாவற்றிலும் கெட்டியான பறவை கிடைக்காது, ஓட்டத்துக்கா தோண்டுவதற்கா என்று முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. கவனிக்காமல் விட்டால் அதற்கு உடம்புக்கு வரும், சலிப்பும் வரும்.

அந்தக் குஞ்சுகள் எல்லாமே முதலில் மஞ்சள்தான். கறுப்பா சிவப்பா நீலமா பச்சையா என்பது இளம்பருவத்தில்தான் தெரியவரும். பெற்றோரின் நிறத்தைப் பார்த்துத் திட்டம் போட்டவர்களும் அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும்.

‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ கேமில் இணை சேர்ப்பது கிடையாது. ஆனால் ‘ஹோர்டு’ என்ற அணியினர் ‘ரவசோர்’ என்ற பிராணியின் குஞ்சு ஒன்றுக்கு இருபது நாள் தினமும் இரை தேடிக் கொடுத்தால், அது வளர்ந்து சவாரிக்கு வரும். இதே கேம் 2010-இல் விண்மீன் மின்னும் குதிரை ஒன்றை 25 டாலருக்கு விற்றது. அழகான குதிரைதான். இருந்தாலும் இருபது நாள் இரை போட்டு வளர்த்தது தனி.

பிரான்சின் ரூபே நகரிலுள்ள அங்காமா நிறுவனம் 2004-இல் வெளியிட்ட ‘டோஃபஸ்’ கேமின் சவாரிப் பிராணி ‘டிராகோதேந்த்’. பாதி டிராகன், பாதி வான்கோழி. வளர்ப்பு நுணுக்கத்தில் இதை மிஞ்சிய கேமை நான் பார்த்ததில்லை. பட்டிக்குள் நாம் சில பொருள்களை வைக்கிறோம்: தடவிக் கொடுப்பது, அறை விடுவது, மின்னல் வீசுவது, தண்ணீர்த் தொட்டி. பிராணி தன்பாட்டுக்கு நடந்து அவற்றின்மேல் வந்தால்தான் பலன். அதன் மனநிலைக்கு ஓர் அளவுகோல் உண்டு. பூஜ்யத்துக்குக் கீழே போனால் எரிச்சல், மேலே போனால் சாந்தம். எரிச்சலில் இருக்கும்போதுதான் மின்னல் அதன் தாங்குதிறனை ஏற்றும். சாந்தமாக இருக்கும்போதுதான் அன்பு வளரும். முதிர்ச்சி தரும் தண்ணீர்த் தொட்டிக்கோ, மனநிலை நடுவில் நிற்க வேண்டும். ஆகவே ஒரே பிராணியைக் கோபப்படுத்தி, சமாதானப்படுத்தி, நடுவில் நிறுத்தி என்று மாறி மாறிப் பார்த்தால்தான் அது இணை சேரத் தயாராகும்.

இதில் அனுபவசாலிகள் ஒரு வித்தை செய்வார்கள். பட்டி ஓரத்தில் நின்று கேரக்டரைச் சைகை செய்ய வைப்பார்கள். சில சைகைக்குப் பிராணி அருகே வரும், சிலவற்றுக்கு விலகிப் போகும். அப்படியே அடியடியாக நகர்த்தி, வேண்டிய பொருள்மேல் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள்.

பாதாம், செம்பழுப்பு, தங்கம் ஆகிய நிறத்து டிராகோதேந்த்களைக் காட்டில் வலைவீசிப் பிடிக்கலாம். மற்ற நிறங்கள் கலப்பில்தான் பிறக்கும். அப்படிப் பத்துத் தலைமுறை வரை போகலாம். பிறக்கப்போகும் குட்டியின் நிறத்தில் தாய் தந்தையோடு பாட்டன் பாட்டிக்கும் பங்குண்டு. அரிதாக, ஏறுபவரின் நிறத்துக்கே மாறும் பச்சோந்தி ரகமும் பிறக்கும்.

தென்கொரியாவின் பேர்ல் அபிஸ் நிறுவனத்தின் ‘பிளாக் டெசர்ட்’டில் காட்டுக் குதிரையை மெல்ல நெருங்கிச் சுருக்குக் கயிறு வீச வேண்டும். திமிறி அடங்கியதும் வெல்லக்கட்டி ஊட்டிப் பழக்க வேண்டும். ஆண் குதிரை இரண்டு முறையும் பெண் குதிரை ஒரே முறையும்தான் இணை சேரலாம். ஆணைச் சந்தையில் பதிவு செய்தவருக்குக் கட்டணம். குட்டியோ பெண் குதிரைக்காரருக்கு. நிஜப் பந்தயக் குதிரைப் பண்ணைகளிலும் இதுவே நடைமுறை.

‘பிளாக் டெசர்ட்’டில் குதிரை ஓடினால்தான் லெவல் ஏறும். அதனால் கேரக்டரை ஒரே பாதையில் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, கணினியை அணைக்காமலே தூங்கப் போவார்கள். நாலு குதிரை பூட்டிய வண்டியாக இருந்தால் நாலும் சேர்ந்து தேறும். தரவரிசையில் எட்டாம் படியில் இருக்கும் குதிரைக்கு உரிய திறன்களைக் கற்பித்து விழிப்பூட்டினால், அதிர்ஷ்டம் இருந்தால், ஒன்பதாம் படியான கனவுக் குதிரை வரும். அவற்றில் ‘அர்துவனாட்’ சிறகு விரித்து மிதந்து இறங்கும்.

‘ஃபைனல் ஃபேன்டஸி 14’இல் சோக்கோபோவின் இறகு நிறத்தைப் பழம் ஊட்டியே மாற்றலாம். அதன் நிறம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களால் ஆனது. ஒரு ஆப்பிள் சிவப்பை 5 கூட்டும், பச்சையிலும் நீலத்திலும் 5 குறைக்கும். பேரிக்காய் பச்சையைக் கூட்டும், பெர்ரி நீலத்தை. பிளம் பழம் ஆப்பிளுக்கு நேர் எதிர். நினைத்த நிறம் வர எத்தனை பழம், எந்த வரிசையில் என்று காகிதத்தில் கணக்குப் போட்டு ஊட்டினால், ஆறு மணி நேரத்தில் புது இறகு முளைக்கும்.

அதே கேமின் பந்தய சோக்கோபோவுக்கு வேகம், முடுக்கம் முதலிய ஒவ்வொரு குணத்திலும் தாய் தந்த நட்சத்திர மதிப்பு தனி, தந்தை தந்தது தனி. 40-ஆம் படி எட்டிய பறவையிடமிருந்து அடுத்த தலைமுறை எடுக்கலாம். பெற்றோர் ஒவ்வொருவரிடமும் உள்ள இரண்டில் எது குஞ்சுக்குப் போகும் என்பது குலுக்கலில்தான். பட்டாணிச் செடிகளில் மெண்டல் கண்டு 1866-இல் அச்சில் வெளியிட்ட பரம்பரை விதியின் எளிய வடிவம் இது. வம்சாவளி ஒன்பதாம் படி வரை உயரும்.