மரத்தடிக் கன்று

தோட்டத்து வேலையை விட்டு ஓய்வு பெற்ற நம்ம ஆளுங்க சிலர் கம்பத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கிச் செம்பனை போடுகிறார்கள். காசு மிச்சம் என்று, தோட்டத்தில் நல்லாக் காய்க்கிற மரத்தடியில் முளைத்த கன்றைப் பிடுங்கி வந்து நடுகிறார்கள். "தாய் மரம் போலத்தானே ஐயா பிள்ளையும் இருக்கும்?" என்று ஒரு பெரியவர் நம்மிடமே கேட்டார்.

இருக்காது.

பழத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். ஓடு மெல்லிசு, சதை அதிகம். இதுதான் டெனெரா, கலப்புப் பிள்ளை. தாய் டூரா, தடித்த ஓடு. தகப்பன் பிசிஃபெரா, ஓடே கிடையாது. குலையோ பெரும்பாலும் பழுக்குமுன் அழுகிவிடும். ஓட்டின் கனத்தை முடிவு செய்வது ஒரே மரபணு என்று 1941ல் கொங்கோவில் பெய்ர்நேர்ட், வான்டர்வெயன் இருவரும் காட்டினார்கள். தாய் தந்தது ஒன்று, தகப்பன் தந்தது ஒன்று. டெனெராவிடம் இரண்டும் உண்டு.

பக்கத்து மரமும் டெனெராதான். வண்டு கொண்டு வருவது அதன் மகரந்தம். ஆக, 100 கன்றில் ஏறத்தாழ 50தான் டெனெரா. 25 டூரா, எண்ணெய் குறைவு. மீதி 25 பிசிஃபெரா. மரம் செழிப்பாக நிற்கும், குலை மட்டும் தேறாது. கன்றின் முகத்தைப் பார்த்து எது எதுவென்று சொல்ல முடியாது. ஏறக்குறைய 3 வருஷம் உரம் போட்ட பிறகுதான் தெரியும். அந்த உரக் காசை யார் தருவார்?

செம்பனை வாரியத்தின் லைசென்ஸ் உள்ள நர்சரியில், டூரா - பிசிஃபெரா கலப்பு விதைதானா என்று கேட்டு வாங்குங்கள். பெரியவர் 40 கன்று பிடுங்கிப் பையில் வைத்திருக்கிறார். இன்னும் நடவில்லை.