சுழலும் வட்டம்: கோளாறு எங்கே?



ஒரு நிகழ்ச்சிப் பதிவுக்காகக் கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டமொன்றுக்குப் போயிருந்தேன். ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, மாசா மாசம் காசு கட்டுறோம். ராத்திரி எட்டு மணிக்குப் படம் போட்டா வட்டம்தான் சுத்துது. அமெரிக்காவுல இருந்து வர்றதாலயா?" என்று கேட்டார். அதற்குத்தான் இன்று பதில்.

தோட்டத்து மளிகைக் கடையை நினைத்துப் பாருங்கள். அரிசி வாங்க நாம் ஆலைக்குப் போவதில்லை. கடைக்காரர் முன்கூட்டியே மூட்டைகளை அடுக்கி வைத்திருப்பார். படங்களும் அப்படித்தான். நெட்பிளிக்ஸ் நிறுவனம் 2012இல் அறிவித்த 'ஓப்பன் கனெக்ட்' திட்டத்தில், படங்களைச் சேமித்த கணினிகளைத் தகுதியுள்ள இணையச் சேவை நிறுவனங்களுக்கு இலவசமாகவே தருகிறது. கூட்டமில்லாத நேரத்தில் அவற்றில் புதுப் படங்கள் நிரப்பப்படுகின்றன. யூடியூப்பை நடத்தும் கூகலுக்கும் இத்தகைய ஏற்பாடு உண்டு. இதனால் கடலடிக் கம்பிவடச் செலவு இணைய நிறுவனத்துக்கு மிச்சம். படம் தடையின்றி ஓடுவது ஒளிபரப்புபவருக்கு இலாபம்.

பிறகு ஏன் வட்டம் சுற்றுகிறது?

கடையில் சரக்கு இருக்கிறது. வீட்டுக்கு வரும் பாதைதான் குறுகல். தெளிவான படத்துக்கு வினாடிக்குச் சுமார் 5 மெகாபிட் வேண்டும். ஒரே கோபுரத்தை நம்பி நாற்பது வீடுகள் ஒரே நேரத்தில் பார்த்தால் 200 மெகாபிட்! தட்டுப்பாடு வந்தால் முதலில் படம் மங்கும். அதுவும் போதாதபோதுதான் வட்டம் சுற்றும்.

நீங்களே சோதிக்கலாம். அதே படத்தை விடியற்காலை ஐந்து மணிக்குப் போட்டுப் பாருங்கள். தடையின்றி ஓடினால், பெரும்பாலும் இரவு நெரிசல்தான் காரணம். அப்போதும் திணறினால், அலைவரிசையே சரியாக எட்டவில்லை என்று சந்தேகிக்கலாம். இரண்டுக்கும் படச் சந்தாவை உயர்த்துவது மருந்தல்ல, காசுதான் வீண். தேதி, நேரம், வேகம் மூன்றையும் குறித்துவைத்து, அண்டை வீட்டாரோடு சேர்ந்து இணையச் சேவை நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள். தீர்வில்லையென்றால் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் கொண்டு செல்லுங்கள்.

படம்தானே என்று விட்டுவிடாதீர்கள். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது பிள்ளைகளின் பாடமும் இதே பாதையில்தான் வந்தது.

1917இல் இந்நாட்டின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் உருவானது இதே வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். நாட்டுக்கே வழிகாட்டிய மண், தன் வாசல்வரை ஒரு நல்ல இணையப் பாதை கேட்பது பேராசையா?