உணவைக் காக்கும் நாயும் வீட்டுக் குழந்தைகளும்

களத்தையும் தொழுவத்தையும் இரவு முழுதும் காத்து நிற்கும் நாயானது குடியானவர் வீட்டிற்கு எவ்வளவு உபகாரமானது என்பதை எடுத்துக் கூற வேண்டுவதில்லை. இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை முதலிய ஊர்ப் பெயர்களால் வழங்கும் நாய்களும், தனிப் பெயரில்லாத நாட்டு நாய்களும் இவ்வேலையை நெடுங்காலமாகச் செய்து வருகின்றன. ஆயினும் அந்நியரைக் கண்டு குரைப்பதற்காக மெச்சப்படும் அதே நாய், தன் சோற்றுத் தட்டை அணுகும் வீட்டுக் குழந்தையைப் பார்த்து உறுமும்போது வீட்டார் திகைக்கின்றனர். சிலர் தடியை எடுக்கின்றனர். வேறு சிலர் நாயை ஊருக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடுகின்றனர். முன்னது கடியை வருவிக்கும். பின்னது அபாயத்தை அயலூர்க் குழந்தைகளுக்கு அனுப்பி வைக்கும். இக்குணத்தின் காரணத்தை அறிந்து நடந்தால் குழந்தைக்கும் தீங்கு நேராது; நல்ல காவல் நாயையும் இழக்க வேண்டுவதில்லை.

உறுமலின் காரணம்

கிடைத்த உணவைப் பிறர் கொள்ளாமல் காப்பது நாய்க்கு இயற்கையாக அமைந்த குணம். அது நன்றிகேடும் அன்று. எஜமானனை அடக்க முயல்வதும் அன்று. கையிலுள்ளது பறிபோகும் என்ற அச்சமே இதற்கு மூலம். பல குட்டிகளுக்கு ஒரே தட்டில் சோறிடுதல், வேளை தவறி உணவளித்தல், தின்னும்போது சிறுவர் தட்டை இழுத்து விளையாடுதல் ஆகியவை இவ்வச்சத்தை வளர்க்கின்றன. பொறுமையைப் பழக்குவதாக எண்ணித் தட்டில் கையை விட்டுப் பார்க்கும் வழக்கமும் அத்தகையதே.

உறுமலுக்கு முன்னரே சில குறிகள் தோன்றும். ஆள் நெருங்கியதும் நாய் அவசரமாக விழுங்கும், உடல் விறைக்கும், தலையைத் தட்டின்மேல் கவிழ்த்துக்கொண்டு, கண்ணின் வெண்மை தெரியக் கடைக்கண்ணால் பார்க்கும். அதன் பின்னரே உதட்டை உயர்த்தி உறுமும். இவை யாவும் ‘விலகிப் போ’ என்று நாய் கூறும் சொற்களாம். உறுமியதற்காக அடித்தால் எச்சரிக்கை மறையுமேயன்றி அச்சம் மறையாது. அவ்வாறு அடிபட்ட நாய் பின்னர் உறுமாமலே கடிக்கக் கூடும்.

முதற் கடமை

குழந்தைகள் இக்குறிகளை அறியார். அவர்களுடைய முகம் நாயின் வாய் மட்டத்தில் இருக்கிறது. கையில் முறுக்கோ, வாயில் தயிர்ச்சோறோ ஒட்டியிருப்பதும் உண்டு. ஆகையால் சிறு குழந்தைகளுக்கு நேரும் கடிகள் பெரும்பாலும் முகத்திலும் தலையிலும் கழுத்திலுமே விழுகின்றன.

இது கருதி, எந்தப் பழக்கத்தையும் தொடங்குமுன் குழந்தையையும் நாயின் உணவையும் பிரித்து வைத்தல் வேண்டும். நாய்க்குக் கொல்லைப்புறத்தில் ஒதுக்கமான ஓர் இடத்தை ஏற்படுத்தி, தட்டியோ கதவோ அடைத்து, வளர்ந்தவர் ஒருவரே நாள்தோறும் இரு வேளை குறித்த நேரத்தில் உணவிட வேண்டும். தின்று முடிந்து நாய் அகன்ற பின் தட்டை எடுத்துவிடுவது நலம். குழந்தை உண்ணும் நேரத்திலும் நாய் வேறிடத்தில் இருக்கட்டும். நாய் கட்டியிருக்குமாயின், சங்கிலி எட்டும் வட்டத்திற்குள் குழந்தை செல்லலாகாது. உண்ணும் நாய், உறங்கும் நாய், குட்டியீன்ற நாய் ஆகிய மூன்றையும் நெருங்கலாகாது என்று விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்லி வருதல் அவசியம்.

அச்சத்தைப் போக்கும் முறை

மனிதர் நெருங்குவது இழப்பன்று, லாபம் என்று நாய் உணருமாறு செய்வதே சிகிச்சை. நாய் தின்னும்போது, அது விறைக்காத தூரத்தில் பெரியவர் ஒருவர் நடந்து செல்ல வேண்டும். அவ்வாறு செல்கையில், வெறும் சோற்றைக் காட்டிலும் ருசியான அவித்த முட்டைத் துண்டு ஒன்றைத் தட்டருகில் எறிந்துவிட்டு, நில்லாமல் அகல வேண்டும். ஒரு வேளைக்குச் சில முறை இவ்விதம் செய்து, சில நாட்கள் சென்றபின் ஓரடி நெருங்கலாம். நாய் மறுபடியும் விறைத்தால் பழைய தூரத்திற்கே திரும்ப வேண்டும். அவசரம் கூடாது. இதைப் பெரியவர்களே செய்ய வேண்டும். நாய் பழகிவிட்டது என்று நம்பிக் குழந்தையைத் தட்டருகே விடுவது எந்நாளும் தகாது.

குட்டிகளுக்குத் தொடக்கத்திலேயே தனித்தனித் தட்டு வைத்தலும், தாயைவிட்டு 8 வாரத்திற்கு முன் பிரிக்காதிருத்தலும் நலம் தரும்.

திருட்டைத் தடுத்தல்

திருட்டு என்னும் கருத்து நாய்க்கு இல்லை. எட்டும் இடத்தில் கிடைப்பது உணவு என்பதே அது அறிந்தது. ஒருமுறை கருவாடு கிடைத்த இடத்தைப் பத்து முறை தேடிப் பார்க்கும். சிற்சில வேளை மட்டும் பலன் கிடைத்தாலும் வழக்கம் இன்னும் உறுதிப்படும். தின்று முடித்தபின் அடிப்பதால் அடிக்கும் செயலுக்கும் தொடர்பு நாய்க்குப் புலப்படாது. முன்னோர் உறி கட்டித் தொங்கவிட்டதன் பயன் இங்கே விளங்கும். பாத்திரங்களைக் கனமான மூடியால் மூடி உயரத்தில் வைப்பதும், கோழி முட்டையிடும் கூடையை எட்டாத உயரத்தில் அமைத்து முட்டைகளை அன்றன்றே எடுத்துவிடுவதும் தடியைவிடப் பயன் தரும்.

கவ்விய பொருளைத் துரத்திப் பிடுங்குதல் ஆபத்து. அதனினும் ருசியான துண்டைச் சற்றுத் தூரத்தில் எறிந்து, நாய் அதை நாடிப் போனபின் பொருளை எடுக்க வேண்டும். தீங்கற்ற பொருளாயின் விட்டுவிடுதலே மேல்.

தொழுவத்தில் கவனிக்க வேண்டியவை

பசு ஈன்ற நாளில் நாய் இளங்கொடியை இழுத்துச் சென்று காக்கும். கன்றைக் காணக் குழந்தைகள் கூடுவதும் அன்றே. ஆகவே இளங்கொடியை உடனே ஆழப் புதைத்துவிட வேண்டும். கன்று வீச்சு நோயுள்ள பசுவானால், அந்நோய் பரவாதிருக்கவும் இது அவசியம். ஆடு அறுத்த இடத்தில் நீர்க்கட்டியுள்ள ஈரல், நுரையீரல் ஆகியவற்றைப் பச்சையாக நாய்க்கு எறியலாகாது. அதனால் நாயின் குடலில் வளரும் நாடாப்புழுவின் முட்டைகள் குழந்தைகளின் கை வழியே வயிற்றை அடைந்து, உடலில் அதே கட்டிகளை உண்டாக்கும்.

சாதுவான நாய் திடீரென்று சீறத் தொடங்கினால் பல்வலியோ வேறு நோயோ இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தாடை தொங்கி எச்சில் ஒழுகும் நாயின் தொண்டையில் எலும்பு சிக்கியதாகக் கருதி வாயில் கை விடுதல் கூடவே கூடாது. அது வெறிநோயின் குறியாகவும் இருக்கலாம்.

கடி நேர்ந்தால்

காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, பச்சிலை முதலியவற்றைக் காயத்தில் வைத்தல் தகாது. தோலில் போடும் முறையில் தடுப்பூசி முதல் நாளிலும், பின்பு 3, 7, 28-ஆம் நாட்களிலும் போடப்படும். இரத்தம் கசிந்த காயத்திற்கு இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தும் தேவை. கடித்தது வீட்டு நாயே என்று அலட்சியம் செய்யலாகாது. நாயைக் கொல்லாமல் 10 நாட்கள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். அதற்காகச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது. 1885-ல் பிரான்சு தேசத்தில் லூயி பாஸ்டர் 9 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இச்சிகிச்சையைச் செய்தார். 1907-ல் நீலகிரிக் குன்னூரில் இதற்கென ஒரு நிலையம் ஏற்பட்டது. இத்தனை காலத்திற்குப் பின்னும், நோய்க்குறி தோன்றியபின் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது.

வீட்டு நாய்களுக்கு 3 மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்பு மருத்துவர் கூறும் முறைப்படி ஆண்டுதோறும் புதுப்பித்தல் உரியவர் கடமை. கிராம உத்தியோகஸ்தர்களும் பஞ்சாயத்தாரும் ஊசி போடும் நாளை முன்கூட்டியே அறிவித்து, எல்லா வீட்டு நாய்களும் வந்தனவா என்று பார்த்தல் வேண்டும். இறைச்சிக் கழிவு தெருவில் கிடக்காமல் செய்வதும் அவர்கள் பொறுப்பே. வேளைக்குச் சோறு, தனித்த இடம், ஆண்டுக்கொரு ஊசி ஆகிய இம்மூன்றிற்கும் ஆகும் செலவு சிறிதே; காக்கப்படுவதோ குழந்தையின் உயிர்.