கல்லும் கையுமாக ஒரு நீர்நாய்

டொக்... டொக்... டொக்!

மூடுபனிக்குள் யாரோ தேங்காய் உடைக்கிற மாதிரி சத்தம். எங்கள் எட்டு கயாக்குகளிலும் துடுப்புகள் அப்படியே நின்றன. மல்லாந்து மிதந்த ஒரு கடல் நீர்நாய், வயிற்றில் ஒரு கல்லை வைத்து, இரண்டு கையாலும் சிப்பியைப் பிடித்து அதன்மேல் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தது. ஓடு பிளந்ததும் சதையை வழித்துத் தின்றது. பிறகு ஒரே உருளல்! வயிற்றில் கிடந்த ஓட்டுத்துண்டுகள் தண்ணீரோடு போயின. கல்லை மட்டும் விடவில்லை. அக்குளில் தோல் மடிந்து பை மாதிரி இருக்கிறதே, அதற்குள் செருகிக்கொண்டது. கூச்சல் போடாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!

கலிபோர்னியாவின் மாண்டரே விரிகுடாவில், மாஸ் லேண்டிங் துறைமுகத்தை ஒட்டி உள்ளே போகிறது எல்க்கார்ன் கழிமுகம். சுமார் 11 கிலோமீட்டர். வெளியே பசிபிக் பெருங்கடல் இரைகிறது. உள்ளே கண்மாய்த் தண்ணீர் போல அமைதி.

இந்த அமைதிக்குப் பின்னால் எத்தனை ஏற்பாடு தெரியுமா? எங்கள் வழிகாட்டிப் பெண் முதலில் பார்த்தது வானத்தை அல்ல, கடலேற்ற அட்டவணையை. நீர் ஏறும்போது அதோடு உள்ளே போய், வற்றும்போது அதோடு திரும்ப வேண்டும். மதியக் காற்று கிளம்புவதற்குள் கரை சேர வேண்டும். ஒவ்வொருவரின் மிதவைச் சட்டையையும் தோளில் பிடித்து இழுத்துப் பார்த்தார். இரட்டைக் கயாக்கில் திசை திருப்புவது பின்னால் இருப்பவர் வேலை என்றதும், என் மனைவி சட்டென்று பின்னிருக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியாக ஒரு கண்டிப்பு: நீர்நாய்க்கும் நமக்கும் 60 அடி இடைவெளி, அதாவது ஐந்து கயாக் நீளம். அதை நோக்கிப் படகைத் திருப்பக் கூடாது, பக்கவாட்டில் மெதுவாகக் கடந்து போக வேண்டும். அது தலை தூக்கி நம்மைப் பார்த்தாலே மிக நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். சீலுக்கு இருப்பது போல இதற்குத் தோலடிக் கொழுப்பு கிடையாது. குளிரைத் தாங்க அடர்ந்த ரோமமும் ஓயாத தீனியும்தான். தன் எடையில் கால் பங்கைத் தினமும் தின்றாக வேண்டும். நாம் துரத்தினால் அத்தனையும் வீண்.

உண்மையான திரைமறைவு நாடகம் நடப்பது மாண்டரே விரிகுடா நீர்வாழ் காட்சியகத்தில். அதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தாயைப் பிரிந்து கரை ஒதுங்கும் குட்டிகளை அங்கே காப்பாற்றுகிறார்கள். பராமரிப்பவர்கள் உடல் முழுக்கக் கறுப்பு அங்கியும், வெல்டிங் செய்பவர்கள் போடுகிற முகமூடியும் அணிந்துகொள்கிறார்கள். எதற்கு? பாலூட்டுகிற கை மனிதக் கை என்று குட்டிக்குத் தெரிந்துவிடக் கூடாது! பிறகு அங்கே இருக்கும் பெண் நீர்நாய் ஒன்று வளர்ப்புத் தாயாகி, சிப்பி உடைக்கக் கற்றுக்கொடுக்கிறது. இப்படி வளர்ந்த பல குட்டிகளைக் கொண்டுவந்து விட்ட இடம், நாங்கள் துடுப்புப் போட்ட இதே கழிமுகம்.

ரோமத்துக்காக வேட்டையாடி ஒழித்தே விட்டார்கள் என்று நினைத்த இனம் இது. 1938இல் பிக் சர் கரையோரம் சுமார் 50 கண்ணில் பட்டன. இன்று கலிபோர்னியாவில் ஏறக்குறைய 3,000. அவை நண்டுகளைத் தின்றதால், இந்தக் கழிமுகத்தில் அழிந்துவந்த கடற்புல் மறுபடி செழித்தது. எங்கள் படகுக்கு அடியில் பச்சைப் பசேலென்று ஆடிக்கொண்டிருந்ததே, அந்தப் புல்தான்!

திரும்பும்போது ஒரு தாய், குட்டியை நெஞ்சில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. யாரும் பேசவில்லை. நீங்கள் போனால் பைனாகுலர் எடுத்துப் போங்கள். அந்த 60 அடியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.