தூண்டில் போடவும் லைசென்சு!
மீன் திருடர்களை மடக்கும் இங்கிலாந்து ஆற்றுக் காவலர்கள்

ஆற்றங்கரையில் உட்கார்ந்து நீங்கள் தூண்டில் போடுகிறீர்கள். ஒருவர் வந்து, "லைசென்சைக் காட்டுங்கள்" என்கிறார். உங்களுக்கு எப்படி இருக்கும்?

"தூண்டில் என்ன மோட்டார் வண்டியா, லைசென்சு வாங்க?" என்றுதானே கேட்பீர்கள்!

இங்கிலாந்தில் அப்படிக் கேட்க முடியாது. அங்கே ஆற்றிலும் ஏரியிலும் தூண்டில் போட, 13 வயது ஆனவர்கள் பொதுவாக லைசென்சு எடுக்க வேண்டும். 13 முதல் 16 வயது வரை உள்ளவர்களுக்கு அது இலவசம். ஆனாலும் கையில் இருக்க வேண்டும். ஒரு நாள் லைசென்சு உண்டு. 8 நாள் லைசென்சு உண்டு. ஓர் ஆண்டு லைசென்சும் உண்டு.

லைசென்சு இல்லாமல் பிடிபட்டால்? கோர்ட்டில் 2,500 பவுன் வரை அபராதம் போடலாம். நம் பணத்தில் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல்! தூண்டிலையும் பறித்துக்கொள்ளலாம்.

பணம் எங்கே போகிறது?

"மீன் பிடிக்கக்கூட வரியா?" என்று கோபப்பட வேண்டாம். அந்தப் பணம் மீனுக்கே செலவாகிறது.

நாட்டிங்காம் பகுதியில் கால்வர்ட்டன் என்று ஓர் ஊர். அங்கே அரசின் மீன் பண்ணை இருக்கிறது. குஞ்சுகளை வளர்த்து, மீன் குறைந்த ஆறுகளில் கொண்டுபோய் விடுகிறார்கள். ஆறு வற்றினாலும், அதில் விஷக் கழிவு கலந்தாலும், தவிக்கும் மீன்களை அள்ளி வேறு இடத்தில் சேர்க்கிறார்கள். இதற்கெல்லாம் லைசென்சுப் பணம் உதவுகிறது.

அப்படியானால், லைசென்சு இல்லாமல் பிடிப்பவன் என்ன செய்கிறான்? மற்றவர்கள் காசில் வளர்ந்த மீனை ஓசியில் கொண்டுபோகிறான்!

லைசென்சு மட்டும் இருந்தாலும் போதாது. தனியாருக்கு உரிமையான நீர்நிலை என்றால், உரியவரின் அனுமதியும் வேண்டும். அனுமதி இல்லாமல் பிடிப்பது 1968-ம் ஆண்டுத் திருட்டுச் சட்டப்படி குற்றம்.

யார் கேட்கலாம்?

ஆற்றுக் காவலர்கள் சுற்றுச்சூழல் துறையைச் சேர்ந்தவர்கள். மீன் சட்டத்தை நிலைநாட்டும் வேலையில் அவர்களுக்குப் போலீஸ்காரருக்கு உள்ள அதிகாரம் உண்டு. சோதனை போடலாம். வலையையும் மீனையும் பறிமுதல் செய்யலாம்.

1975-ம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. லைசென்சு வைத்திருப்பவர் தம் லைசென்சைக் காட்டிவிட்டு, பக்கத்தில் தூண்டில் போடுகிறவரிடம் "உங்களுடையது எங்கே?" என்று கேட்கலாம்! எல்லா ஆற்றங்கரையிலும் காவலரை நிறுத்த முடியுமா? கரையில் இருப்பவர்களே காவலர் ஆனால்தான் திருட்டு குறையும்.

மீனுக்கும் விடுமுறை!

மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை, கெண்டை இனம் போன்ற சாதாரண மீன்களை ஆற்றில் பிடிக்கக்கூடாது. அது முட்டையிடும் காலம். சினை மீன் ஒன்றைப் பிடித்தால் ஒரு மீன் மட்டுமா போகிறது? ஒரு தலைமுறையே போகிறது.

பிடிக்கும் முறைக்கும் கட்டுப்பாடு உண்டு. ஈட்டியால் குத்தக்கூடாது. கண்ணி வைக்கக்கூடாது. விளக்கு வெளிச்சத்தைக் காட்டி மயக்கக்கூடாது. விஷமும் வெடியும் அடியோடு கூடாது.

திருட்டுச் சரக்கு வாங்க ஆள் இருக்கும் வரை திருடனும் இருப்பான். ஆகவே 2009-ம் ஆண்டில் இன்னொரு தடை வந்தது. தூண்டிலில் பிடித்த சால்மன் மீனை இங்கிலாந்திலும் வேல்சிலும் விற்கக்கூடாது! ஓட்டல்காரரும் கடைக்காரரும் அதை வாங்கக்கூடாது.

விலாங்குக் கடத்தல்

சட்டம் இவ்வளவு கடுமையாக இருந்தும் திருட்டு நின்றதா? இல்லை. விலாங்கு மீனின் கதையைக் கேளுங்கள்.

ஐரோப்பிய விலாங்கு, தொலைவில் அட்லாண்டிக் பெருங்கடலில் பிறக்கிறது. குஞ்சுகள் இரண்டு மூன்று ஆண்டுகள் மிதந்து ஐரோப்பிய ஆறுகளுக்கு வந்து சேருகின்றன. அப்போது அவை விரல் நீளம்தான் இருக்கும். உடல் கண்ணாடிபோல் தெரியும். 1980-ம் ஆண்டுக்கு முன்பு வந்த குஞ்சுகளில் பத்தில் ஒரு பங்குகூட இப்போது வருவதில்லை.

கிழக்கு ஆசிய விலாங்குப் பண்ணைகளில் இந்தக் குஞ்சுக்கு ஏராளமான விலை. ஐரோப்பாவுக்கு வெளியே அனுப்பக்கூடாது என்று 2010-ம் ஆண்டிலேயே தடை போட்டார்கள். ஆனால் பணம் கிடைத்தால் கடத்தல்காரன் விடுவானா?

2017-ம் ஆண்டு பிப்ரவரி. லண்டன் ஹீத்ரோ விமான நிலையம். ஹாங்காங் போக வேண்டிய மீன் பெட்டிகளை அதிகாரிகள் சோதித்தார்கள். மேலே, குளிரூட்டிய மீன். அடியில், உயிருள்ள விலாங்குக் குஞ்சுகள்! எடை 200 கிலோ. கிலோவுக்குச் சுமார் 3,000 குஞ்சு என்றால், ஏறக்குறைய 6 லட்சம் உயிர்கள்! ஆசியச் சந்தையில் அவற்றின் மதிப்பு 57 லட்சம் பவுன்.

குஞ்சுகள் பிழைத்தன. அவற்றை மறுபடியும் இயற்கை நீர்நிலையில் விட்டார்கள். வியாபாரி ஒருவர் 2020-ம் ஆண்டில் குற்றவாளி என்று தீர்ப்பு ஆயிற்று. 2 ஆண்டு சிறைத் தண்டனை. ஆனால் அது நிறுத்திவைக்கப்பட்டது. அவர் உடனே சிறைக்குப் போகவில்லை.

சரக்கின் மதிப்பு அரைக் கோடி பவுனுக்கு மேல். தண்டனையோ இவ்வளவுதான்! ஓசியில் தூண்டில் போட்டவனை மடக்குவது சுலபம். விமானம் ஏற்றுகிறவனை அடக்குவதுதான் கடினம்.

நம் நாட்டில்

இந்தியாவுக்கு இது புதிது அல்ல. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பது குற்றம் என்று 1897-ம் ஆண்டிலேயே இந்திய மீன்வளச் சட்டம் சொன்னது.

வெடி வைத்தால் பெரிய மீன் மட்டும் சாவதில்லை. குஞ்சும் சாகிறது, முட்டையும் அழிகிறது. செத்த மீன் எல்லாம் கைக்கு வருவதும் இல்லை. பாதி அடியில் போய்விடும். ஒருவன் ஒரு நாள் கூடையை நிரப்ப, வலை வீசிப் பிழைக்கும் குடும்பங்கள் பல நாள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும்.

வெடிச் சத்தம் கேட்டால் மீன்வளத் துறைக்கோ போலீசுக்கோ சொல்லுங்கள். ஆற்று மீன் வாங்கும்போது, "எப்படிப் பிடித்தது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வெடி வைத்துப் பிடித்தது என்று தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.