மூக்கால் கை காட்டும் விஷ்லா!

குட்டீஸ்... புல்வெளியில் பாய்ந்து ஓடிக் கொண்டிருந்த நாய் ஒன்று, திடீரென சிலை போல் நின்று விடுகிறது. ஒரு முன்னங்கால் தரையில் படாமல் மடங்கியிருக்கிறது. வால் விறைப்பாக நீண்டிருக்கிறது. மூக்கு மட்டும் ஒரு புதரைப் பார்த்தபடி... என்ன ஆயிற்று அதற்கு?

அந்தப் புதருக்குள் ஒரு கவுதாரி பதுங்கியிருக்கிறது! மோப்பத்திலேயே அதைக் கண்டுபிடித்து விட்ட நாய், 'இதோ, இங்கேதான்!' என்று எஜமானருக்குக் கை காட்டுகிறது. கைக்குப் பதில் மூக்கு, அவ்வளவுதான்!

இதன் பெயர் விஷ்லா. சொந்த நாடு, ஐரோப்பாவில் உள்ள ஹங்கேரி. பொன்னிறமும் செம்பழுப்பும் கலந்த, பளபளக்கும் குட்டை முடி. உயரம் ஏறக்குறைய 2 அடி. எடை 20 முதல் 30 கிலோ. காய்ந்த புல்லுக்குள் நின்றால், இருப்பதே தெரியாது.

வேட்டை நாய்களில் பலவும், ஆளுக்கொரு வேலைதான் பார்க்கும். ஒன்று விரட்டும், இன்னொன்று, விழுந்த பறவையைத் தூக்கி வரும். விஷ்லாவோ எல்லாவற்றையும் தானே செய்யும். பறவையைக் காட்டும், அது ஏரியில் விழுந்தால் நீந்திப் போய், பல் பதியாமல் கவ்வி வரும், அடிபட்டு ஓடிய விலங்கின் தடத்தை மோப்பம் பிடித்துத் தொடரும். துப்பாக்கி வருவதற்கு முன், பழக்கிய வல்லூறுகளோடும் வேட்டைக்குப் போயிருக்கிறது.

இவ்வளவு கெட்டிக்கார இனம், ஒரு கட்டத்தில் அழியவே பார்த்தது. 1945ல், இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது மிகச் சில விஷ்லாக்களே மிஞ்சின. ஊரை விட்டுத் தப்பியோடிய சிலர், தங்கள் நாயையும் கூடவே அழைத்துச் சென்றனர். 1950ல், ஒரு பெண் நாய் தன் இரண்டு குட்டிகளுடன் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. அதன் பெயர் என்ன தெரியுமா? சாரி! மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை, பெயரே அதுதான்.

இன்று இதன் அழகில் மயங்கி, வீட்டில் வளர்க்க வாங்குபவர்கள் ஏராளம். சிக்கலே அங்கேதான் ஆரம்பம்.

நாள் முழுக்க வயலில் ஓடுவதற்கென்றே வளர்க்கப்பட்ட நாய் இது. தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். சங்கிலியில் கட்டி, தெருமுனை வரை போய் வந்தால் போதாது. மூளைக்கும் வேலை வேண்டும். பந்தை ஒளித்து வைத்து, தேடச் சொல்லலாம். ஒன்றும் இல்லையென்றால், தானே வேலை தேடிக் கொள்ளும்... உங்கள் செருப்பு, தலையணை, நாற்காலிக் கால்!

தனிமை இதற்கு ஆகவே ஆகாது. நீங்கள் எழுந்து சமையலறைக்குப் போனால், பின்னாலேயே வரும். பூட்டிய வீட்டில் நாளெல்லாம் விட்டுப் போனால், ஊளையிட்டு அழும். அதட்டினாலும் சுருண்டு போய்விடும். பாராட்டித்தான் பழக்க வேண்டும்.

முடிக்கு அதிகப் பாடில்லை. வாரம் ஒருமுறை தூரிகையால் தேய்த்தால் போதும். ஆனால், குளிரைத் தாங்கும் உள்முடி இதற்குக் கிடையாது. அதனால் வீட்டுக்குள்தான் படுக்க வைக்க வேண்டும். தொங்கும் காதுகள் என்பதால், நீந்திய பின் துடைத்து உலர்த்தாவிட்டால் புண் வந்துவிடும். குட்டியாக இருக்கும்போது நெடுந்தூரம் ஓட விடக் கூடாது. எலும்புகள் முற்ற வேண்டுமே! எந்த நாய்க்குமே சாக்லேட், திராட்சை, வெங்காயம் கொடுக்காதீர்கள், அவை விஷம்.

பெரும்பாலும் 12 முதல் 14 ஆண்டுகள் வரை வாழும் விஷ்லா. ஆறாம் வகுப்பில் ஒரு குட்டியை வாங்கினால், கணக்குப் போட்டுப் பாருங்களேன்... நீங்கள் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும், காலையில் எழுந்து அதனுடன் ஓட வேண்டியிருக்கும்!